இரத்தம் நின்ற பிறகுதான் கவனம்

கேள்வி:

டொக்டர், நாங்கள் மொன்றியலின் வில்லரேயில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மகள் அடம்பிடித்து வாங்கிய பீகிள் கலப்புப் பெட்டைக் குட்டி மல்லிக்கு இப்போது எட்டு மாதம். ஐந்து நாளாக இரத்தம் படுகிறது. சாப்பாட்டில் மனமில்லை, மகளின் கட்டிலுக்குக் கீழேயே கிடக்கிறாள். "சாமத்தியப்பட்டிட்டாள், சாமியறைப் பக்கம் விடாதேங்கோ" என்கிறா மாமி. ஒருமுறை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லதாம். கீழ்வீட்டில் ஒரு கடுவன் நாய் இருக்கிறது. இரத்தம் நின்றதும் பழையபடி ஜாரி பூங்காவில் ஓட விடலாம் என்றிருக்கிறோம். சரிதானே?

– ஒரு தாய், வில்லரே

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைப் பதறவைத்தது. இரத்தம் நின்றதும் மல்லியைப் பூங்காவில் அவிழ்த்து விடாதீர்கள். அவள் சினைப்படக்கூடிய நாட்கள் அப்போதுதான் தொடங்கும்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளை வைத்து நாயைக் கணக்குப் போடுவதால் வருகிற குழப்பம் இது. பெண்களுக்குக் கரு தங்காத மாதத்தின் முடிவில் இரத்தம் போகிறது. நாய்க்கு முட்டைகள் முதிர்ந்துகொண்டிருக்கும்போதே, ஈஸ்ட்ரஜன் ஏறுவதால் இரத்தம் படுகிறது. இந்தக் கட்டம் சராசரியாக ஒன்பது நாள். பிறப்புறுப்பு வீங்கியிருக்கும், கடுவன் கிட்ட வந்தால் சீறி விரட்டுவாள். பிறகு சிவப்பு வெளிறி, மீன் கழுவிய தண்ணீர் போல ஆகும். இடுப்பைத் தொட்டால் வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்பாள். கடுவனை ஏற்றுக்கொள்ளும் நாட்கள் இவைதான். இதுவும் சராசரியாக ஒன்பது நாள், சில நாய்களுக்கு மூன்று வாரம்வரை நீளும். சில பெட்டைகளுக்குக் கடைசிவரை சிவப்பாகவே போவதும் உண்டு, ஆகவே நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். கடுவனின் விந்து உள்ளே ஒரு வாரம்வரை உயிரோடு இருக்கும். முதல் இரத்தம் கண்ட நாளைக் கலண்டரில் குறித்து, அதிலிருந்து முழுதாக நான்கு வாரம் காவல் வையுங்கள்.

வில்லரேயில் காவல் என்றால் முதலில் படிகள். உங்கள் பகுதி வீடுகளின் வெளிப்புற இரும்புப் படி நேரே தெருவில் போய் இறங்குகிறது. பின் பல்கனியிலிருந்து இறங்கினால் சந்து. கதவைத் திறக்கும் முன்பே கயிற்றை மாட்டிவிடுங்கள். கழுத்துப்பட்டி தலைவழியே கழன்றுவிடும், ஆகவே மார்புப் பட்டி நல்லது. கயிறு 1.85 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பது கியூபெக்கில் 2020இலிருந்து சட்டமும்கூட. கம்பிவலை வேலியை நம்பாதீர்கள், அதற்குள்ளாலேயே இணைந்த நாய்கள் உண்டு. படியடியில் சிறுநீர் கழிக்க விடாமல் கொஞ்சத் தூரம் கூட்டிப்போங்கள். அந்த வாசனையைப் பிடித்துத்தான் ஊர்க் கடுவன்கள் வாசலுக்கு வரும். கீழ்வீட்டாரிடம் கூச்சப்படாமல் விஷயத்தைச் சொல்லி, இரு நாய்களும் வெளியே போகும் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாம் மீறி இணைந்துவிட்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயம் வரும். அரைமணி நேரம்வரை பிணைந்து நிற்பது இயல்பு. அடுத்த நாளே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள் பெரிய பாடில்லை. பழைய சாரம், போர்வை விரித்துவிடுங்கள். கறையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் போகும். நாய்க்கான பம்பர்ஸ் கட்டலாம், ஆனால் அடிக்கடி மாற்றுங்கள், ஈரத்தில் தோல் புண்ணாகும். அது கருத்தடை இல்லை என்பதையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், டெட்டோல் வேண்டாம். ஓரிரு நாள் சாப்பாடு குறைவது சகஜம். கோழி அவித்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள், வெங்காயம் பூண்டு இல்லாமல். நோகிறதோ என்று ரைலனோல், அட்வில் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் நாய்க்கு நஞ்சு.

சாமியறை உங்கள் வீட்டு முடிவு. வாசலில் ஒரு சிறு தடுப்பு வைத்தால் மாமிக்கும் நிம்மதி. ஆனால் மல்லியைத் திட்டியோ பல்கனியில் கட்டியோ ஒதுக்காதீர்கள். தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாத குட்டி அவள். கட்டிலுக்குக் கீழே பாதுகாப்பாக உணர்ந்தால் அங்கேயே கிடக்கட்டும்.

குட்டி போட்டால் நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. கருப்பையோடு இருக்கும் பெட்டைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடித்ததாக சுவீடனின் காப்புறுதிப் பதிவுகள் காட்டின. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் மார்புப் புற்றுநோய் மிக அரிது என்று 1969இல் வந்த ஆய்வை இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். 2012இல் அந்த ஆதாரங்களை மீளாய்வு செய்தவர்கள் அவை பலவீனமானவை என்றார்கள். ஆகவே பிந்திவிட்டதே என்று மனம் நோகாதீர்கள். மொன்றியலில் 2020 ஜனவரி 1 முதல் நாய்களுக்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் கட்டாயம். இப்போது கருப்பைப் பகுதியில் இரத்தவோட்டம் அதிகம் என்பதால், பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதே நல்லது. அந்தத் திகதியை இப்போதே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

அதுவரை இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பருவம் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் மல்லி மகளின் காலுறைகளைச் சேர்த்து வைத்து அடைகாக்கலாம், மடியில் பாலும் சுரக்கலாம். அது பொய்ச்சினை, பெரும்பாலும் தானாக அடங்கும். பாலைப் பிழியாதீர்கள், பிழிந்தால் இன்னும் சுரக்கும். ஆனால் இதே காலத்தில் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்து, சோர்ந்து, வாந்தி எடுத்தால், அல்லது நாற்றமுள்ள சளி போல ஏதாவது கசிந்தால் அது கருப்பைச் சீழாக இருக்கலாம். கசிவே இல்லாமல் உள்ளே அடைபட்டிருந்தால் இன்னும் மோசம். விடியட்டும் என்று இருக்காமல் அந்த இரவே அவசர மிருக மருத்துவமனைக்குக் கொண்டு ஓடுங்கள்.