பாட்டியின் பலகை

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு ஒன்றில் சமையலறை புதுப்பிக்கப்பட்டது. புதிய ஓடுகளும் அலமாரிகளும் பளபளத்தன. கூரையின் நடுவே அழகான விளக்கு ஒன்றும் எரிந்தது. ஆயினும், இரவில் காய்கறி நறுக்க வேண்டுமென்றால் பாட்டி பலகையை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்துவிடுவார். காரணம் கேட்டபோது, "அங்கே நறுக்கினால் கத்தி எங்கே, விரல் எங்கே என்று தெரியவில்லை" என்றார்.

குறை விளக்கில் இல்லை. அது இருக்கும் இடத்தில்தான் இருந்தது. சமையல் மேடை பெரும்பாலும் சுவரை ஒட்டியே இருக்கும். அங்கு நிற்பவருக்குக் கூரை விளக்கு முதுகுப்புறம் அமைகிறது. ஆகவே, அவருடைய நிழலே பலகைமீது விழுகிறது. மேலும், வயது கூடும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது, கண்வில்லையும் மங்குகிறது. அறுபது வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதானவருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பேத்திக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்குப் போதாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குத் தீர்வு எளிது. மேல் அலமாரிகளின் அடியில், முன் விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை விளக்குகளைப் பொருத்தலாம். அப்போது ஒளி சமைப்பவரின் முன்னாலிருந்து நேராக மேடைமீது விழும். அறை முழுவதற்கும் பொதுவான வெளிச்சம் தரக் கூரை விளக்கும் தேவை.

விளக்கு வாங்கும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒளியின் அளவு. 'வாட்' என்பது விளக்கு பயன்படுத்தும் மின்திறனைக் குறிக்கும். 'லூமன்' என்பதே அது தரும் ஒளியைக் குறிக்கும். பழைய 60 வாட் குண்டு விளக்கு தந்த சுமார் 800 லூமன் ஒளியை, இன்று 9 வாட் எல்இடி விளக்கே தந்துவிடுகிறது. இரண்டாவது, ஒளியின் நிறம். இது 'கெல்வின்' அலகில் குறிக்கப்படும். 3000 கெல்வின் ஒளி மஞ்சள் கலந்தது. 4000 கெல்வின் வெண்மையானது. 6500 கெல்வின் சற்று நீலம் கலந்தது. மூன்றாவது, பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் தன்மை. இதைக் குறிக்கும் 'சிஆர்ஐ' எண்ணின் உச்ச அளவு 100. இந்த எண் 90க்கு மேல் இருந்தால், மீனின் செவுள் சிவப்பா, வெளிறியதா என்பதை நன்றாகப் பார்த்தறியலாம்.

விளக்குகளின் இடத்தை ஓடு பதிப்பதற்கு முன்பே முடிவு செய்வது நல்லது. அப்போதுதான் மின்கம்பிகளைச் சுவருக்குள் மறைக்க முடியும். மின்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

அந்த வீட்டில் இந்த முடிவு தாமதமாகவே எடுக்கப்பட்டது. அதனால், பட்டை விளக்குகளுக்கான கம்பி புதிய ஓடுகளின்மேல் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் உறைக்குள் செல்கிறது. அது பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இல்லை. புதுப்பிப்பு வேலை தொடங்கும் முன் ஒருநாள் இரவு, பாட்டி நிற்கும் இடத்தில் நின்று பார்த்திருந்தால் அந்த உறை தேவைப்பட்டிருக்காது. ஆனாலும், பாட்டியின் பலகை இப்போதெல்லாம் வரவேற்பறைக்கு வருவதில்லை.