வெறும் வில்லை எங்கே, மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளை,

சின்னமனூரிலிருந்து மலையேறி வந்த பஸ்ஸில் உன் கடிதம் கிடைத்தது. டைட்டானியத் தூளில் டைட்டானியம் டைபோரைடு என்ற பீங்கானைக் கலந்து, மில்லில் அரைத்து, அச்சில் அழுத்தி, வெற்றிடச் சூளையில் சுட்டெடுத்த வில்லையில் விக்கர்ஸ் கடினம் ஏறிவிட்டதாம். பீங்கான் வேலை செய்கிறதாம். சந்தோஷம். டைபோரைடு கலக்காத வெறும் டைட்டானியத் தூளை அதே மில்லில் அரைத்து, அதே சூளையில் சுட்டு ஒரு வில்லை செய்தாயா? செய்திருந்தால் நாலு பக்கத்தில் ஒரு வரியாவது எழுதியிருப்பாய்.

மேகமலையில் அப்பளக் கட்டைப் பிரித்து வைத்தால், மஞ்சு இறங்கியதும் நமத்துவிடும். வெயிலில் போட்டால் தேறிவிடும். டைட்டானியம் அப்படி இல்லை. ஒரு தடவை உள்ளே வாங்கிய ஆக்சிஜனை உன் சூளை வெளியே எடுக்காது. நம்ம கம்பம் ரோட்டையே பிடித்துக் கொல்லம் வரை போனால், பக்கத்தில் சவரா. 2011-இல் அங்கே தொடங்கிய ஆலையில், தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைக் கழிக்க முதலில் குளோரைடாக்கி, பிறகு மெக்னீசியத்தை வைத்து உலோகத்தைப் பஞ்சு பஞ்சாகப் பிரிக்கிறார்கள். அத்தனை பாடுபட்டு விரட்டியதை நீ மில்லில் திரும்ப ஏற்றலாமா?

ஆர்கானில்தானே அரைத்தேன் என்பாய். ஜாடியை எங்கே திறந்தாய்? அச்சில் எங்கே கொட்டினாய்? தூள் நைசாக ஆக, காற்றுப் படும் பரப்பு கூடுகிறது. நைசுத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றிவிடாதே. உலர்ந்த மணல் வாளி பக்கத்திலேயே இருக்கட்டும்.

கலப்பில்லாத டைட்டானியத்தில் முதல் தரத்துக்கு ஆக்சிஜன் 0.18 சதவீதம் வரை, நாலாம் தரத்துக்கு 0.40 வரை. குறைந்தபட்ச இழுவலிமை 240 மெகாபாஸ்கலிலிருந்து 550-க்குப் போகிறது; நீட்சி 24 சதவீதத்திலிருந்து 15-க்கு இறங்குகிறது. இதில் பீங்கான் ஒரு சிட்டிகைகூட இல்லை, பெரும்பங்கு ஆக்சிஜன் செய்த வேலை. உன் கடினம் யார் கொடுத்தது என்று இப்போது சொல், பார்ப்போம்.

அடர்த்தியும் நிறைவு என்கிறாய். தண்ணீரில் தொங்கவிட்டுத்தானே எடை பார்த்தாய்? திறந்த துளைக்குள் தண்ணீர் புகுந்தால், அந்தத் துளையே இல்லாத மாதிரி கணக்கு வரும். மெழுகு பூசிவிட்டுப் பார்.

வில்லையை மெருகேற்றி நுண்ணோக்கியில் வை. டைபோரைடு டைட்டானியத்தோடு வினைபுரிந்திருந்தால் மோனோபோரைடு ஊசி ஊசியாகத் தெரியும். பளு தாங்குவது அந்த ஊசிகள்தான். 1998-இல் டொயோட்டா ஆல்டெஸா காரின் எஞ்சின் வால்வுகளை இப்படித் தூளிலிருந்துதான் செய்தார்கள். அதனால் மனசு விட்டுவிடாதே.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு வில்லையையும் எடுத்து வா. எது வெறும் வில்லை என்று பொட்டலத்தின் மேல் எழுதி வை. அத்தை முறுக்கு சுட்டு, டப்பாவை இறுக மூடி வைத்திருப்பாள்.

அன்புடன்,
மாமா