அழிக்கும் முன் பட்டியலைப் பார்!



ஆண்டு விழாவில் எடுத்த 120 படங்கள் எங்கள் லேப் கம்ப்யூட்டரில் இருந்தன. பெயர்கள் படம்1 முதல் படம்120 வரை. கேமராவில் அழித்தாயிற்று, வேறு பிரதி கிடையாது.

"முதல் ஒன்பதும் மங்கலா இருக்கு, அதை மட்டும் அழிச்சிடும்மா" என்றார் மிஸ். ஒவ்வொன்றாக அழிக்கச் சோம்பல்பட்டு, பைத்தானில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினேன். (புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.)

படம்[1-9]

[1-9] என்றால் 1 முதல் 9 வரை ஏதாவது ஒரே ஒரு இலக்கம். சரியாத்தானே இருக்கு?

"இரு! எது எது மாட்டுதுன்னு முதல்ல பிரிண்ட் பண்ணிப் பாரு" என்றார் மிஸ். பார்த்தால் 120 பெயரும் வந்து நின்றன! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிரல் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதே!

காரணம் என்ன? பெயருக்குள் எங்காவது பொருந்தினால் போதும் என்று 'சர்ச்' கட்டளை எடுத்துக்கொள்ளும். படம்10-க்குள்ளும் படம்1 இருக்கிறது அல்லவா? எனவே தொடக்கத்துக்கு ^, முடிவுக்கு $ போட வேண்டும்.

^படம்[1-9]$

இப்போது ஒன்பதே ஒன்பது! அதையும் பட்டியலில் பார்த்த பிறகே அழித்தேன்.

உங்களுக்குத் தெரியுமா? ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கணினித் தேடலுக்குக் கொண்டுவந்து 1968-இல் கட்டுரை எழுதியவர் கென் தாம்சன்.

உங்களுக்கு ஒரு கேள்வி: படம்10 முதல் படம்99 வரை மட்டும் எடுக்க எப்படி எழுதுவீர்கள்?

விடை: ^படம்[1-9][0-9]$

– 11-ஆம் வகுப்பு மாணவி