டியூப்புக்குள்ள என்ன இருக்கு? – முகம் வெளுக்கப் பூசும் க்ரீம்கள்

இந்த மாதப் பாடம் சேமிப்பு, கடன் பற்றியது இல்லை. முகத்தில் பூசுற க்ரீம் பற்றியது. படிக்கத் தெரிந்தவங்க கூட்டத்தில் சத்தமா வாசிங்க. வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருந்தா அவங்களையும் பக்கத்தில் உட்கார வையுங்க.

பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன கேட்பாங்கன்னு நமக்குத் தெரியும். "பொண்ணு என்ன நிறம்?" படிப்பு, வேலை எல்லாம் அதுக்கப்புறம்தான். "மாநிறம்தான், ஆனா களையா இருப்பா"ன்னு சொல்லும்போதே பெத்தவளுக்குக் குரல் இறங்கிடுது. அந்த 'ஆனா'வை நம்பித்தான் க்ரீம் வியாபாரமே நடக்குது.

தோலில் மெலனின் என்று ஒரு நிறமி இருக்கிறது. வெயிலில் உள்ள கெடுதலான கதிர்களைத் தடுப்பது அதுதான். நம்ம வண்டியூர் வெயிலுக்கு உடம்பு தானே பிடிச்சுக்கிட்ட குடைன்னு வச்சுக்கோங்க. அதில் குறை ஒண்ணும் இல்லை.

வெள்ளை மேல ஆசை வெள்ளைக்காரனோடு மட்டும் வந்ததுன்னு சொல்லிவிட முடியாது. நிழலில் உட்கார்ந்தவங்க உசத்தி, வெயிலில் நாத்து நட்டவ மட்டம் என்கிற கணக்கு இங்கேயும் இருந்தது. சாதியும் அதில் கலந்திருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி அதுக்கு மேல இன்னொரு பூச்சு பூசியது. இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. கொரியாவில் போர் முடிந்த பிறகு 1954-ல் அங்கே போன அமெரிக்க ராணுவ டாக்டர் ஒருவர், அந்த ஊர்க்காரங்க கண் இமையை வெள்ளைக்காரங்க இமை போல மடிப்பு விழும்படி ஆபரேஷன் செய்தார். இன்றைக்கு அங்கே படிப்பு முடித்த பிள்ளைகளுக்குப் பெத்தவங்களே காசு கொடுத்து அந்த ஆபரேஷனைச் செய்து வைக்கிறாங்க. அங்கே இமை, இங்கே நிறம். மதுரையை ஆளுகிற மீனாட்சியே பச்சை நிறம், காவல் காக்கிற சாமிக்குப் பேரே கருப்பு. கும்பிடும்போது தெரியாத குறை மருமகள் தேடும்போது எப்படித்தான் தெரியுதோ!

ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் 1975-ல் வந்தது. கருப்பா இருந்த பொண்ணு சிவப்பானதும் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்றுதான் விளம்பரம் போட்டாங்க. கருப்பா இருக்கிறவங்களைத் தாழ்த்திக் காட்டக் கூடாதுன்னு விளம்பரத் தர மன்றம் 2014-ல் விதி போட்டது. 2020-ல் அந்த க்ரீம் பேரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெண்கள் அமைப்பு 2009-லேயே 'கருப்பும் அழகுதான்' என்று பிரச்சாரம் தொடங்கியிருந்தது. பேர் மாறினாலும் கேள்வி மாறலை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம்மை நிஜமாகவே ஆபத்தில் தள்ளுவது இரண்டு வகை க்ரீம்.

ஒன்று ஸ்டீராய்டு கலந்தது. கரப்பான், அரிப்புக்கு டாக்டர் சில நாளைக்கு எழுதித் தருகிற மருந்து இது. அப்படிப் போட்டால் நல்ல மருந்துதான். ஆனால் பக்கத்து வீட்டு மதினி சொன்னாங்க என்று தினமும் முகத்தில் பூசினால் என்ன ஆகும்? முதல் சில வாரம் முகம் பளிச்சென்று வெளுக்கும். பார்க்கிறவங்க எல்லாம் என்ன போடுறேன்னு கேட்பாங்க. அப்புறம் தோல் காகிதம் மாதிரி மெலியும். சிவந்து எரியும், பரு கிளம்பும், சிலருக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். அதுக்குப் பயந்து திரும்பவும் அதையே பூசுவாங்க. படர்தாமரைக்குப் பூசினால் அது இன்னும் பரவும். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசோல், மொமெட்டசோன் – டியூப்பில் இந்தப் பேர் இருந்தால் அது அழகு க்ரீம் இல்லை, மருந்து. இப்படி 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுத்தால் வாங்காதீங்க.

இன்னொன்று பாதரசம் கலந்தது. மெலனின் சுரக்கிறதை அது தடுக்கும். ஆனால் தோல் வழியா உள்ளே போய்க் கிட்னியில் தங்கும். கேரளா மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கிட்னி வடிகட்டி கெட்டு 22 பேர் வந்தாங்க. அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை நோய். அந்த 15-ல் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் பூசினவங்க. பெரும்பாலானவங்களுக்கு க்ரீமை நிறுத்தின பிறகு சரியானது என்பது ஆறுதல். காலும் முகமும் வீங்கினால், சிறுநீர் நுரையாகப் போனால் நாள் கடத்தாதீங்க. பூசுற தாயிடமிருந்து வயித்துப் பிள்ளைக்கும், ஒரே துண்டைப் புழங்குற வீட்டு ஆட்களுக்கும் பாதரசம் போய்ச் சேரும்.

பாதரசம் இருக்குன்னு டியூப்பில் அநேகமா எழுத மாட்டாங்க. சிலதில் மெர்குரி, கலோமெல் என்று இருக்கும். 'தங்கம், வெள்ளி நகை மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ரசம் பட்ட நகை என்னாகும்னு ஆசாரிகிட்ட கேளுங்க. தயாரித்தவர் விலாசம், லைசென்ஸ் எண், காலாவதி தேதி இல்லாத டப்பாவும், வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதி செய்தவர் விலாசம் இல்லாததும் வேண்டவே வேண்டாம்.

இது குழு விஷயமும்தான். 2000 வாக்கில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி, அப்போது ஆந்திராவில் இருந்த நல்கொண்டா மாவட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களை வைத்தே வீடு வீடாகப் பொருள் விற்கத் தொடங்கியது. நம்மை நம்பி ஊர் வாங்கும் என்பது வியாபாரிகளுக்கு அன்றைக்கே தெரியும். பேர் தெரியாத க்ரீமை விற்க உள்கடன் கேட்டு யாராவது வந்தால், டப்பாவை நடுவில் வைத்து எல்லாரும் படிச்சுப் பார்த்துட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற டியூப், டப்பாவை எடுத்துட்டு வாங்க. ஸ்டீராய்டு பேர் இருந்தால் தானாக நிறுத்தாமல், அந்த டியூப்பையும் எடுத்துக்கிட்டு மதுரை பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போங்க. எப்படிக் குறைப்பதுன்னு அவங்க சொல்வாங்க. பாதரச சந்தேகம் என்றால் அன்றைக்கே நிறுத்திடுங்க, சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்க. எத்தனை மாசம் பூசினோம் என்பதை டாக்டரிடம் மறைக்காதீங்க.