சிறு விலங்குகளைத் தொடரும் வானொலி

யானையும் காட்டெருமையும் சென்ற வழியை அடிச்சுவட்டைக் கொண்டே அறியலாம். எலி, முயல், கீரி, தேவாங்கு போன்ற சிறு பாலூட்டிகளின் நிலை வேறு. அவற்றுள் பல இரவில் இயங்குபவை. பகலில் வளையிலோ புதரிலோ மரப்பொந்திலோ மறைந்திருப்பவை. பொறி வைத்துப் பிடித்து, அடையாளமிட்டு விடுவித்து, மீண்டும் பிடிக்கும் பழைய முறையால், விலங்கு பொறியிருந்த இடத்துக்கு வந்தது என்பதை மட்டுமே அறிய முடியும். மற்ற இரவுகளில் அது எங்கே இரை தேடிற்று, எங்கே உறங்கிற்று, எப்படி மடிந்தது என்ற வினாக்களுக்கு அம்முறையில் விடையில்லை.

இக்குறையை நீக்க உதவியது டிரான்சிஸ்டர். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் அது கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, ஒரு முயல் சுமக்கக்கூடிய அளவுக்கு வானொலிப் பரப்பியைச் சிறிதாக்க இயன்றது. இல்லினாய் மாநிலத்தில் பணியாற்றிய வில்லியம் காக்ரன், ரெக்ஸ்போர்டு லார்டு ஆகிய இருவரும் காட்டு விலங்குகளைப் பின்தொடரும் வானொலி அமைப்பு ஒன்றை விவரித்து 1963இல் கட்டுரை வெளியிட்டனர். இன்று களத்தில் கையாளப்படும் முறையும் அடிப்படையில் அதுவே.

விலங்கின் கழுத்துப் பட்டையில் பரப்பியும் மின்கலமும் பொருத்தப்படுகின்றன. பரப்பி இடைவிடாமல் ஒலிப்பதில்லை. ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டும் துடித்து, மிச்ச நேரம் ஓய்ந்திருக்குமாறு அதை அமைக்கலாம். இதனால் மின்கலம் நெடுநாள் உழைக்கும். ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி அலைவெண் அளிக்கப்படுவதால், வாங்கிக் கருவியைத் திருப்பி வேண்டிய விலங்கை மட்டும் கேட்கலாம்.

தொல்லை முழுவதும் எடையில்தான் இருக்கிறது. கருவியின் எடை விலங்கின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கை மிஞ்சலாகாது என்பது ஆராய்ச்சியாளர் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. 2 கிலோகிராம் எடையுள்ள முயலுக்கு 100 கிராம் வரை இடமுண்டு. 200 கிராம் தேவாங்குக்கு 10 கிராம். 20 கிராம் சுண்டெலிக்கோ ஒரே கிராம். ஒரு கிராமுக்கும் குறைந்த பரப்பிகள் இன்று கிடைக்கின்றன; ஆனால் மின்கலம் சிறுத்தால் ஆயுளும் சிறுக்கும். செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவிகள் பெருவிலங்குகளுக்குப் பெரிதும் உதவினாலும், வளைக்குள் இருக்கும் எலிக்கு அவற்றால் பயனில்லை. மண்ணைக் கடந்து அந்த அலைகள் உட்புகா. வரம்புக்குள் அடங்கினாலும் பட்டை தீங்கற்றதாகிவிடாது. தளர்ந்தால் கழன்று விழும். இறுகினால் தோலைப் புண்ணாக்கும். வளரும் குட்டிக்கு அதுவே தூக்குக் கயிறாகலாம். இந்தியாவில் காட்டு விலங்கைப் பிடித்துப் பட்டையிட 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறாமல் தொடங்கலாகாது.

இனி இடமறிதல். களப்பணியாளர் திசையறியும் வான்கம்பியைக் கையில் பிடித்து மெல்லச் சுழற்றுகிறார். ஒலி உரத்துக் கேட்கும் திசையைத் திசைகாட்டியால் அளந்து, படத்தில் ஒரு கோடு வரைகிறார். வேறோர் இடத்திலிருந்து உடனே இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுமிடத்தில் விலங்கு இருப்பதாகக் கொள்வர். ஆனால் அவ்விடம் ஒரு புள்ளியன்று. திசையில் 5 பாகை பிழை நேர்ந்தால் 500 மீட்டர் தொலைவில் 44 மீட்டர் விலகும். பிழை இரு புறமும் நேரக்கூடுமாதலால் ஐயத்துக்குரிய பட்டையின் அகலம் 88 மீட்டர் ஆகிறது. எலியின் ஓரிரவு வாழ்வு முழுவதும் அதற்குள் அடங்கிவிடலாம்! எனவே அருகில் சென்று அளத்தலும், கோடுகள் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டுமாறு நிற்குமிடங்களைத் தேர்தலும் வேண்டும். பாறைச் சரிவுகளில் அலை எதிரொலித்துப் பொய்த் திசை காட்டுவதும் உண்டு. வானொலிக் கருவி இல்லாத பள்ளியிலும் இதைச் செய்து காட்டலாம்: மைதானத்தில் ஒரு கம்பத்தை நட்டு, இரு மாணவர் இரு மூலைகளிலிருந்து அதன் திசையை அளந்து காகிதத்தில் வரையட்டும், கோடுகள் கம்பத்தை எவ்வளவு தவறவிடுகின்றன என்பதை அவர்களே நாடா பிடித்து அளக்கட்டும்.

சில பட்டைகளில், விலங்கு நெடுநேரம் அசையாதிருந்தால் துடிப்பின் வேகம் மாறும் அமைப்பு உண்டு. அது சாவுக்கு அறிகுறி; பட்டை கழன்று கிடப்பதற்கும் அறிகுறி. எது என்பதைச் சென்று பார்த்தே தீர வேண்டும்.

அவ்வாறு சென்று பார்த்ததால் விளைந்த பயனுக்குக் கருங்கால் பெர்ரெட் சான்று. கீரியை ஒத்த உருவமும் சுமார் ஒரு கிலோகிராம் எடையும் உள்ள இப்பிராணி, வட அமெரிக்கப் புல்வெளிகளில் புல்வெளிநாய் என வழங்கும் அணிலினக் கொறிவிலங்கை உண்டு, அதன் வளையிலேயே வாழ்வது. 1987இல் உலகில் எஞ்சியதாக அறியப்பட்டவை பதினெட்டே. அவை அனைத்தும் கூண்டில் இருந்தன. அவற்றின் வழித்தோன்றல்களை 1991 முதல் வயோமிங் மாநிலத்திலும் பின்னர் வேறிடங்களிலும் காட்டில் விட்டனர். பலவற்றுக்குப் பட்டை இடப்பட்டது. பசியாலோ நோயாலோ அன்றி, பெரும்பாலானவை பிற ஊனுண்ணிகளுக்கு, குறிப்பாகக் கொயோட்டி என்னும் சிறு ஓநாய்க்கு, இரையானதைப் பட்டைகள் காட்டிக்கொடுத்தன. கூண்டிலேயே வளர்ந்தவை வளையை விட்டு நெடுந்தொலைவு அலைந்து மடிந்தன. வளைகளும் உயிருள்ள இரையும் கொண்ட திறந்தவெளி அடைப்புகளில் வளர்ந்தவை அவற்றினும் மிகுதியாகப் பிழைத்தன. இதன் பின்னர், காட்டில் விடுமுன் பெர்ரெட்டுகளை அத்தகைய அடைப்புகளில் சில காலம் பழக்குவது வழக்கமாயிற்று.