தவிடு போன வழி: ஜாலான் புசாரிலிருந்து ஓர் உணவுப் பாடம்

ஜாலான் புசார் வட்டாரத்தில் லாவண்டர் ஸ்திரீட் என்றொரு சாலை இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பூந்தோட்டம் நினைவுக்கு வரும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இருந்தவை காய்கறித் தோட்டங்கள்தாம். சீனத் தோட்டக்காரர்கள் மனிதக் கழிவை எருவாக இட்டுக் கீரையும் காயும் வளர்த்தார்கள். அந்த நாற்றத்தைக் கேலி செய்து ஒருவர் சொன்ன வாசனைப் பூவின் பெயரையே 1858-இல் நகராட்சியினர் சாலைக்குச் சூட்டிவிட்டனர்.

இன்று அங்கே யாரும் கீரை பயிரிடுவதில்லை. ஆனால் ஜாலான் புசார் ரயில் நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்து தேக்கா சந்தைக்குப் போனால் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, மலாய்க்காரர்கள் பாயாம் என்னும் முளைக்கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு எல்லாம் கிடைக்கும். (தேக்கா என்ற பெயருக்கும் தேக்கு மரத்துக்கும் உறவில்லை. சிறு மூங்கில்களின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லின் சுருக்கம் அது.) வழியெல்லாம் மளிகைக் கடைகள். பயறு வகை அத்தனையும் மூட்டையில் இருக்கும். நல்ல உணவுக்கான பொருள் கிடைக்கவில்லை என்று சிங்கப்பூர்த் தமிழர் யாரும் சொல்ல முடியாது. ஆயினும் 2010-ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, நம்மில் பத்துப் பேரில் ஆறு பேர் வாரத்தில் நான்கு வேளையாவது வெளியில் சாப்பிடுகிறோம் என்று காட்டியது. அதே ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களிடம் அது 9.7 விழுக்காடு. நம் வீட்டுப் பெரியவர்கள் 'இனிப்புநீர்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் அதே நோய்தான். இதைப் படிக்கும் மாணவர்களில் பலர் வீட்டில் ஒருவராவது அந்த மாத்திரையை விழுங்குகிறார்.

இயற்கை உணவு உண்ணுங்கள், பதப்படுத்திய உணவைத் தவிருங்கள் என்ற அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பதப்படுத்துவது என்றால் என்ன, அதில் எது கெடுதல், எது நன்மை என்பதை விளக்குவோர்தான் குறைவு. இக்கட்டுரை அதை அரிசி என்ற ஒரே தானியத்தை வைத்துப் பார்க்க முயல்கிறது. காரணம், மலாயாவில் அரிசியை வைத்து நடந்த ஒரு சோதனை மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. அந்தக் கதையில் தமிழர்களும் வருகிறார்கள்.

கோலாலம்பூர், 1905

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவையும் சிங்கப்பூரையும் வாட்டிய நோய்களில் ஒன்று பெரிபெரி. கால்கள் மரத்துப் போகும், வீங்கும். நடக்க முடியாமல் படுத்தவர்களில் பலர் இதயம் செயலிழந்து இறந்தார்கள். தான் டோக் செங் மருத்துவமனை 1909 வரை சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஜாலான் புசாருக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே கிடந்த ஏழைக் கூலிகளும் இந்நோய்க்குத் தப்பவில்லை. இது தொற்றுநோய் என்றார்கள் சிலர். ஈர மண்ணிலிருந்து எழும் நச்சுக் காற்று என்றார்கள் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லெனர்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களிடையே பெரிபெரி மிகுதி. அதே நாட்டில் வேலை செய்த தமிழர்களிடம் அது மிகக் குறைவு. தங்கள் நெல்லைத் தாங்களே குத்தி உண்ட மலாய்க்காரர்களிடமும் குறைவு. காற்றும் மண்ணும் எல்லாருக்கும் ஒன்றுதான். வேறுபட்டது சோறு. சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கூடத்துக்கும், இரட்டைப்படை எண்காரர்கள் இன்னொரு கூடத்துக்கும் போனார்கள். ஒரு கூடத்தில் தீட்டிய பச்சரிசிச் சோறு, மற்றதில் புழுங்கலரிசிச் சோறு. மற்றபடி உணவு ஒன்றே. பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவரிடம் மட்டுமே நோய் இருந்தது. அவர்களும் வரும்போதே அதைக் கொண்டு வந்தவர்கள். ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. 1907-இல் இந்த முடிவு 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மனநோயாளிகளிடம் சம்மதம் கேட்டிருப்பார்களா என்ற கேள்வி இன்று நமக்கு எழுகிறது. எழ வேண்டும்.

தொடர்ந்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் சார்பில், சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து, தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று நிறுவினார்கள். அந்தப் பொருளை 1926-இல் பத்தாவியாவில் (இன்றைய ஜக்கார்த்தாவில்) யான்சன், டொனாத் இருவரும் பிரித்தெடுத்தார்கள். இன்று தயமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம்.

சுவையான ஒரு செய்தி: வழிகாட்டிய பிராடன் தவறான காரணத்தையே நம்பியிருந்தார். பழைய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கருத்து. அரிசியில் எதுவும் சேரவில்லை, அதிலிருந்து ஒன்று எடுக்கப்பட்டிருந்தது. உணவில் என்ன கலந்திருக்கிறது என்றே இன்றும் நாம் பயப்படுகிறோம். எதை எடுத்துவிட்டார்கள் என்று கேட்பது குறைவு.

புழுக்குவதும் பதப்படுத்துவதே

நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்திய பிறகு குத்துவதுதான் புழுங்கல். ஊறி வேகும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரோடு கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. மாச்சத்து கூழாகி இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் பெரும்பகுதி உள்ளே தங்கிவிடுகிறது. ஆக, புழுங்கல் அரிசி 'பதப்படுத்தப்படாத' உணவு அன்று. பச்சரிசியைவிட ஒரு படி கூடுதலாகப் பதப்படுத்தப்பட்டது. அந்தப் படிதான் உயிர்களைக் காத்தது. இட்லி மாவு புளிப்பதும், பால் தயிராவதும், கருவாடு உலர்வதும் இந்த வகையே.

பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோ 2009-இல் முன்வைத்த 'நோவா' வகைப்பாடு இதைத் தெளிவாக்குகிறது. இயற்கையான பொருள், சமையலுக்குத் துணையாகும் எண்ணெய் உப்பு போன்றவை, எளிய முறையில் பதப்படுத்தியவை, மிகையாகப் பதப்படுத்தியவை என்று நான்கு வகை. நான்காவது வகைதான் கவலைக்குரியது. தானியத்தைப் பிரித்து, மாவாகவும் சர்க்கரைப் பாகாகவும் எண்ணெயாகவும் ஆக்கி, சுவையூட்டியும் நிறமூட்டியும் சேர்த்து மறுபடி ஓர் உருவம் கொடுப்பது அது. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப் பதன உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய இரண்டு உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஏறத்தாழச் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். மிகைப் பதன உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் தேர்வு வாரத்தில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைத் திறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. புழுங்கல் அரிசியை வைத்து 'நம் முன்னோர் ஞானம்' என்று மேடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் ஞானத்தால் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழகியது அது, வந்து இறங்கியதும் அது. பெரிபெரிக்குத் தப்பியவர்கள் மலேரியாவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே சாப்பாடானபோது பெரிபெரியும் திரும்பி வந்தது. மேலும், புழுங்கல் அரிசி சற்று மெதுவாகச் சர்க்கரையாகிறது என்பதற்காகத் தட்டு நிறையக் குவித்து உண்ண முடியாது. நாள் முழுவதும் பால்மரம் சீவியவருக்கு ஒத்துக்கொண்ட சோற்றளவு, நூலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒத்துக்கொள்ளாது. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் அறிமுகப்படுத்திய தட்டுப் படத்தில் சோற்றுக்கு இருப்பது கால் பங்கு இடம். பாதித் தட்டு காய்க்கும் பழத்துக்கும். வாழையிலைச் சாப்பாட்டில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

மாணவர் அறையில்

நேரமில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் நல்ல உணவுக்கு வேண்டிய நேரத்தில் பெரும்பகுதி, நாம் தூங்கும்போது பயறு ஊறும் நேரம்.

விடுதியில் ஒரு சோறாக்கும் மின்பானை இருந்தால் போதும். அரைக் குவளை முழுப் பச்சைப்பயறு, அரைக் குவளை புழுங்கல் அரிசி. இரண்டையும் கழுவி இரவே ஊறப்போடுங்கள். காலையில் ஊறிய நீரை வடித்துவிட்டு ஆறு குவளை நீர், ஐந்தாறு பூண்டுப் பல், ஒரு துண்டு இஞ்சி, அரைத் தேக்கரண்டி சீரகம் சேர்த்து வேகவிடுங்கள். பானை பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. நிரம்பினால் பொங்கி மேசையெல்லாம் வழியும் (அனுபவம் பேசுகிறது). ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். ஒரு கை உருவிய முருங்கைக்கீரையைக் கடைசி மூன்று நான்கு நிமிடத்தில் போட்டு உப்பிடுங்கள். இருவர் வயிறார உண்ணலாம். பயற்றில் இருக்கும் புரதம் அரிசியில் குறைந்ததை ஈடுகட்டும். கஞ்சியாகவே குடிப்பதால் நீரில் கரைந்த தயமினும் வயிற்றுக்குத்தான் போகும். சோறு வடித்துக் கஞ்சியைக் கொட்டுகிறவர்கள் கொட்டுவது அதைத்தான்.

கொண்டைக்கடலை வாங்கினால் எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, மொத்தமாக வேகவைத்து, சிறு பைகளில் பிரித்து உறைபெட்டியில் வையுங்கள். கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்தால் பத்து நிமிடத்தில் சுண்டல். ராஜ்மாவுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. அரைவேக்காட்டு ராஜ்மா கடும் வாந்தியை உண்டாக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், இளஞ்சூட்டில் வைத்தால் போதாது. மீந்த சோற்றை நம் ஊர் வெப்பத்தில் மேசைமேல் விட்டுவைக்காமல் ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

நூடுல்ஸ் சாப்பிடவே கூடாதா? சாப்பிடுங்கள், எப்போதாவது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவான சோடியம் போதும் என்கிறது. ஒரு பொட்டலத்திலேயே அதில் பாதிக்கு மேல் இருப்பதுண்டு. தூள் பையில் பாதியைப் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேர்ப்பவர் குற்றவாளி அல்லர். கடையில் விற்கும் இட்லி மாவும் அப்படியே. பொட்டலத்தின் பின்பக்கம் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு என்று மட்டும் இருந்தால் அது பாட்டி அரைத்ததற்கு உறவுதான்.

ஞாயிறு மாலையில் பஃபலோ சாலையில் நின்று பார்த்தால் தெரியும்: கீரைக்கட்டும் வெங்காயமும் அதிகமாக வாங்கிப் போகிறவர்களில் கட்டுமானத் தொழிலாளர்களான நம் சகோதரர்கள் பலர். அதிகாலையில் பொட்டலம் கட்டி நண்பகலில் திறக்கப்படும் சோற்றை வாரம் முழுவதும் உண்பவர்களுக்கு, சுடச்சுடத் தம் கையால் சமைத்த ஒரு வேளையின் மதிப்பு தெரிந்திருக்கிறது. அவர்கள் அறையில் அடுப்புக்கு வரிசை. நம் விடுதிச் சமையலறை பெரும்பாலும் காலியாக இருக்கிறது.

முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தேக்காவில் கீரை காலையில்தான் நன்றாக இருக்கும், நண்பகலுக்குப் பின் வாடியதே மிஞ்சும். திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை காலை போவது நல்லது. மளிகைக் கடையில் 'அரிசி' என்று மட்டும் கேட்டால் பாஸ்மதியை எடுத்து நீட்டக்கூடும். புழுங்கல் என்று சொல்லிக் கேளுங்கள். தவிடு போகாதது வேண்டுமென்றால் கைக்குத்தல் அல்லது சிவப்பரிசி என்று கேளுங்கள். பச்சைப்பயறு முழுதாக இருக்கட்டும், உடைத்தது வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை ஊறப்போட்டுவிடுங்கள்.