கல்யாண டி.வி.டி.க்கு அத்தியாயம் பிரிப்பது எப்படி?

சங்கத்தின் ஆண்டு விழா முடிந்து பந்திக்குக் காத்திருந்தபோது அன்பர் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "பழைய வீடியோ கேசட்டுகளையெல்லாம் டி.வி.டி.யாக மாற்றி வைத்துவிட்டேன் சார். ஆனால் யாரும் பார்ப்பதில்லை. வேண்டிய இடம் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது" என்றார். அத்தியாயக் குறி சரியாக இருக்காது என்றேன். அது என்ன என்று கேட்டார். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் பல குடும்பங்கள் இருக்கக்கூடும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு கல்யாண வீடியோவோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதுதான்.

1994 ஆவணியில் என் தங்கையின் கல்யாணம் மாதுங்காவில் நடந்தது. வீடியோ எடுத்தவர் மராத்தியர். நல்ல மனிதர், ஆனால் நம் சடங்குகளில் எது முக்கியம் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஆண்டு வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படப் பாடல்களைப் படம் முழுக்கப் போட்டு நிரப்பியிருந்தார். நாதஸ்வரமும் போயிற்று, பேச்சுக் குரல்களும் போயின. ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஏன் என்று தெரியாது, பாட்டுப் போடாமல் விட்டுவிட்டார். அது என் அப்பா மைக்கைப் பிடித்து, வந்திருந்த வாழ்த்துத் தந்திகளைப் படிக்கும் இடம். தந்தியில் இருக்கும் ஆங்கில வாசகத்தைப் படித்துவிட்டு, அனுப்பியவர் எந்த ஊர், நமக்கு என்ன முறை என்று தமிழில் சொல்லிக்கொண்டே போவார். மொத்தம் 2 நிமிடம் 40 வினாடி. அப்பா 1999இல் காலமானார். அவருடைய குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கேசட்டில் பூசணம் படரத் தொடங்கியதும் ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றி வாங்கினேன். அம்மாவுக்கு இப்போது 86 வயது. அவர்கள் கேட்பது அந்தத் தந்தி படிக்கும் இடம் ஒன்றைத்தான். கடைக்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று இயந்திரக் கணக்கில் குறி வைத்திருந்தார். 2 மணி 50 நிமிடப் படத்தில் 34 அத்தியாயம். தந்தி படிப்பது 1 மணி 48 நிமிடம் 20 வினாடியில் தொடங்குகிறது. அங்கே போக ‘அடுத்தது’ பொத்தானை 21 முறை அழுத்த வேண்டும். பிறகு 3 நிமிடம் 20 வினாடி சாம்பார் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு அழுத்து கூடிவிட்டால் அப்பா பாதிக்கு மேல் படித்து முடித்திருப்பார். அம்மா இரண்டு தடவை முயன்றுவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டி.வி.டி.யில் படம் ஒரு இடத்திலும், அத்தியாயக் குறிகள் வேறு இடத்திலும் இருக்கின்றன. தட்டைக் கம்ப்யூட்டரில் திறந்தால் ‘வீடியோ டி.எஸ்.’ என்ற உறை தெரியும். அதில் ‘வி.ஓ.பி.’ என்று முடிகிற பெரிய கோப்புகளில்தான் படமும் ஒலியும். ‘ஐ.எஃப்.ஓ.’ என்று முடிகிற சின்னக் கோப்புகளில் எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை. புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. ஆகவே குறியை மாற்றப் படத்தைத் தொட வேண்டியதில்லை. படத்தின் தரமும் குறையாது. அட்டவணையைப் புதிதாகக் கட்டி, வேறு ஒரு தட்டில் எழுதினால் போதும். ஏற்கெனவே எழுதிய டி.வி.டி. ஆர் தட்டில் மட்டும் திருத்த முடியாது.

இதற்கு நான் பயன்படுத்தியவை இரண்டு இலவச மென்பொருள்கள். வி.ஓ.பி. கோப்புகள் 1 ஜி.பி. அளவுத் துண்டுகளாக இருக்கும். அவற்றை வரிசை மாறாமல் ஒன்றாக்க அவிடெமக்ஸ். தட்டுக்கு உரிய வடிவில் கட்ட டி.வி.டி. ஸ்டைலர். இதில் படத்தின் பண்புகளைத் திறந்தால் அத்தியாய நேரங்களைக் குறிக்க இடம் இருக்கிறது. வீடியோவுக்கு ‘காப்பி’ என்ற தேர்வைக் கொடுத்துவிட்டால் படத்தை மறுபடி பிசையாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒரு தலைப்புக்கு 99 அத்தியாயம் வரை வைக்கலாம் என்பது டி.வி.டி.யின் விதி. அவ்வளவு வைத்து எந்தப் புண்ணியமும் இல்லை.

மென்பொருள் வேலை அரை மணி நேரம்தான். எந்த இடத்தில் குறி வைப்பது என்பதற்குத்தான் எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. நானாக ஒரு பட்டியல் போட்டேன்: மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, பந்தி என்று. அம்மாவிடம் காட்டினால், "தாலி கட்டு எதுக்குய்யா? நாலு முதுகுதான் தெரியுது" என்றார்கள். உண்மைதான். பிறகு பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படத்தை ஓட்டினேன். அவர்கள் நிறுத்தச் சொன்ன இடங்களையெல்லாம் நேரத்தோடு எழுதினேன். வாசலில் கோலம் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டு மராத்தி அக்கா. மடியில் தூங்கும் ஒரு கைக்குழந்தை. இன்று அவனுக்கே இரண்டு குழந்தைகள். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வருபவர் சமையல்காரர் என்றுதான் இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன்; அப்பாவின் பெரியப்பா மகனாம், கல்யாணத்துக்காகக் கோவில்பட்டியிலிருந்து முன்பதிவு இல்லாத பெட்டியில் வந்தவராம். முதலில் 40 இடம் சேர்ந்தது. அவ்வளவு அழுத்த முடியாது என்று அம்மாவே குறைத்து 14க்குக் கொண்டுவந்தார்கள். தந்தி படிப்பது ஒன்பதாவது.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரங்களை எல்லாம் எழுதிய பிறகு, படத்தின் தொடக்கத்தில் 40 வினாடி வெறும் நீலத் திரையாக இருக்கிறதே என்று அதை வெட்டினேன். வெட்டினால் அதற்குப் பின் வருவதெல்லாம் 40 வினாடி முன்னால் நகர்ந்துவிடும் என்பது, கணக்கெழுதிய எனக்கே தோன்றவில்லை. குறிகள் பழைய நேரத்தில் நின்றன. புதுத் தட்டைப் போட்டு ஒன்பதாவதுக்குப் போனால் முதல் இரண்டு தந்திகள் போய்விட்டிருந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் முன்னாடிய்யா" என்று மட்டும் சொன்னார்கள். ஆகவே வெட்டுவது, சேர்ப்பது எல்லாம் முடிந்த பிறகே நேரம் குறியுங்கள்.

இன்னொரு நுட்பம். டி.வி.டி.யில் ஒவ்வொரு படமும் முழுப் படமாக எழுதப்படுவதில்லை. ஒரு முழுப் படம், அதன் பின் வருபவற்றில் மாற்றங்கள் மட்டும், மறுபடி ஒரு முழுப் படம் என்று போகும். நம் நாட்டு ‘பால்’ முறையில் வினாடிக்கு 25 படம். அதிகம் போனால் 15 படத்துக்கு ஒரு முழுப் படம். அத்தியாயம் அந்த முழுப் படத்தில்தான் தொடங்க முடியும். நீங்கள் வேறு இடத்தில் குறி வைத்தால் மென்பொருள் அதைப் பக்கத்து முழுப் படத்துக்குத் தள்ளிவிடும். தள்ளுவது அரை வினாடி அளவுதான். ஆனால் பேச்சு தொடங்கும் இடத்தில் அரை வினாடி தள்ளினால் முதல் சொல் போய்விடும். ஆகையால் நான் எப்போதும் இரண்டு வினாடி முன்னதாகவே குறி வைக்கிறேன். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொள்வதும் இப்போது கேட்கிறது.

தட்டில் எழுதுவதற்கு முன் கம்ப்யூட்டரிலேயே அந்த உறையை வி.எல்.சி.யில் ஓட்டி, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தாவிப் பார்த்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் இரண்டு தட்டை வீணாக்கினேன். எழுதி முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்யாவிட்டால் வீட்டு பிளேயரில் ஓடாமல் போகலாம்.

டி.வி.டி. பிளேயரே இல்லை என்பவர்கள் நோட்டில் எழுதிய நேரப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். எம்.பி.4, எம்.கே.வி. கோப்புகளிலும் அத்தியாயக் குறி வைக்கலாம். ஆனால் பென் டிரைவில் போட்டு டி.வி.யில் செருகினால் பல டி.வி.க்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. யூடியூபில் ஏற்றுகிறவர்கள் விவரக் குறிப்பில் நேரங்களை வரிசையாக எழுதினால் அதுவே அத்தியாயமாகிவிடும். முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 வினாடிக்குக் குறையக் கூடாது. கல்யாணப் படத்தை ஊரெல்லாம் பார்க்கும்படி விடுவதா என்பது அவரவர் வீட்டுப் பெண்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

எங்கள் வீட்டு பிளேயரில் எண்ணை அழுத்தினால் அந்த அத்தியாயத்துக்கே போய்விடும். அம்மா ரிமோட்டின் ஒன்பதாம் எண் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

கேசட்டாகவே வைத்திருப்பவர்கள் தாமதிக்க வேண்டாம். கடைசி வரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. என்னிடம் ஓடுகிற நிலையில் ஒன்று இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் இருப்பேன், கொண்டு வாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் மட்டும் எந்தக் கருவியிலும் போட்டுப் பார்க்காமல், அப்படியே எடுத்து வாருங்கள். வரும்போது அந்தப் படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள்; நோட்டும் பேனாவும் நான் வைத்திருக்கிறேன்.